மொசைக்

ஆஸ்துமா என்றார்கள், இரண்டு வருஷம்.
நீலப் பம்பு, ஆரஞ்சுப் பம்பு.
கம்பளத்தைச் சுருட்டு, தயிரை நிறுத்து,
நாயைக் கொடுத்துவிடு என்றாள் எதிர்வீட்டு மிசஸ் படையாச்சி.
கொடுத்தோம்.
நாய்க்காக அழுததிலும் திலோஷினிக்கு இளைத்தது.

நான் குழாய் வேலைக்காரன்.
சாட்ஸ்வர்த்தில் மூன்றாம் யூனிட்டிலிருந்து பதினொன்றுவரை
எந்தச் சமையலறைக்கு அடியில், எந்த வளைவில்
கொழுப்பு உறையும் என்று எனக்குத் தெரியும்.
அடைப்பில் இரண்டே வகை:
தள்ளினால் போவது, இழுத்தால் வருவது.

டாக்டர் ம்கீசே காகிதத்தில்
ஒரு மரத்தைத் தலைகீழாய் வரைந்தார்.
தண்டு, கிளை, கிளையின் கிளை,
கடைசியில் பென்சில் முனையே தடிமனாகிப்போகிற குச்சிகள்.
"அங்கேதான்" என்றார்.
ஒரு வயதில் வந்த காய்ச்சல்,
பதினோரு நாள் வார்டில் கிடந்தாளே, நினைவிருக்கிறதா?
கிருமி போய்விட்டது.
புண் ஆறியது.
ஆறும்போது வழியையும் சேர்த்து மூடிக்கொண்டது.

சளியா என்றேன். இல்லை.
எதையாவது விழுங்கிவிட்டாளா? இல்லை.
கம்பி விட்டுக் குடைந்தால்?
அவர் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.
"தழும்பு, மிஸ்டர் மூனுசாமி.
குழாய்க்குள் எதுவும் மாட்டியிருக்கவில்லை.
சில இடங்களில்
குழாயே இல்லை."

பிறகு படம்.
வெளிச்சப் பலகையில் என் மகளின் குறுக்குவெட்டு.
கறுப்புத் திட்டு, சாம்பல் திட்டு, மறுபடி கறுப்பு.
"இதை நாங்கள் மொசைக் என்போம்."
மொசைக் எனக்குத் தெரியும்,
எத்தனை குளியலறைத் தரையில் முழங்கால் தேய்த்திருக்கிறேன்.
கறுப்பில் காற்று இல்லையா?
"கறுப்புதான் காற்று" என்றார். "உள்ளே போனது.
திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறது."

அன்றுவரை
அவளுக்குக் காற்று போதவில்லை என்றல்லவா நினைத்தேன்.
ஜன்னலைத் திறந்தேன், விசிறியை முகத்துக்கு நேரே வைத்தேன்,
கடற்கரையில் நிறுத்தி
"இழு, நல்லா இழு" என்று கத்தினேன்.
நிறைந்த குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணினித் திரையில் பத்து மெழுகுவர்த்தி.
ஊது கண்ணே என்றாள் நர்ஸ்.
மூன்று அணைந்தன. நான்காவது
ஆடியது, யோசித்தது,
நிமிர்ந்துகொண்டது.
திலோ என்னைப் பார்த்தாள்.
நான் தரையைப் பார்த்தேன். சாதாரண வினைல்.

"அவள் வளர்வாள். நுரையீரலும் கொஞ்சம் வளரும்.
தழும்பு வளராது."
இதை நல்ல சேதி என்று வீட்டுக்குள் கொண்டுபோவதா
கெட்டது என்றா?
ஹிக்கின்சன் நெடுஞ்சாலை முடியும்வரை
நானும் ரூபவதியும் பேசவில்லை.

அடுத்த வாரம், இரவு எட்டு மணி, லோட் ஷெடிங்.
சரிவு முழுக்க ஒரே நொடியில் இருண்டது.
புதிதாய் வந்திருந்த ஆக்சிஜன் பெட்டி
ஒரு கூவல் கூவி நின்றது.
சிலிண்டரின் வால்வைத் திருகினேன்.
இந்த ஒன்றுதான் என் கைக்குத் தெரிந்த வேலை.
டார்ச் வெளிச்சத்தில் முள் ஏறியது. அரை லிட்டர்.

இருட்டிலிருந்து கேட்டாள்:
"அப்பா, உள்ள மாட்டிக்கிட்ட காத்து எப்போ உள்ளது?"
தெரியலையேம்மா.
"ரஸ்டி இருந்தப்போ உள்ளதா?"
நாயைக் கொடுத்து எட்டு மாதம்.
இருக்கலாம் என்றேன்.

அப்படியானால் அவசரமில்லை என்பதுபோல்
மெல்ல, சீட்டியோடு, நீளமாய்
விட ஆரம்பித்தாள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.