வேகம் குறைக்கவும்

சாவடி தாண்டி, லாரிகள் தூங்கும் மைதானத்தில்
இன்று கொடுத்தது அறுபத்திரண்டு ஊசி.
பெட்டிக்குத் திரும்பியது நாற்பத்தேழு.
மீதிப் பதினைந்தைத் தேடி
இடுக்கியும் டார்ச்சுமாகக் குனிந்து நடக்கிறேன்.
கணவாய்க் காற்று முகத்தில் மணலை எறிகிறது.

கருவேல மூட்டில் மூன்று.
பழைய எடைமேடைப் பள்ளத்தில் நான்கு.
கோயில் பின்சுவர்ப் பொந்தில்
மூடி போட்டு, ஒரே வாக்கில் படுக்கவைத்து, இரண்டு.
இது மயில்ரவியின் வேலை.
ஐடிஐ படித்தவன், பிட்டர்.
எதையும் ஒழுங்காகத்தான் செய்வான்.

டீக்கடைக்காரர் கேட்டார்:
"ஊசியும் நீங்களே குடுப்பீங்,
செத்துப்போயிராதேன்னும் நீங்களே சொல்லுவீங்,
இதென்ன கணக்குங்?"
பயிற்சி வகுப்பில் தந்த பதில் ஒன்று உண்டு, நாலு வரி.
சொல்லவில்லை.
அவருக்குப் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

என் இடது முழங்கை மடிப்பில்
ஒரு நரம்பு என்றைக்கோ கதவைச் சாத்திக்கொண்டது.
அந்தக் காலத்தில் ஐந்து பேருக்கு ஒரு ஊசி.
முனை மழுங்கினால் தீப்பெட்டிப் பக்கவாட்டில் தீட்டுவோம்.
எங்களைப் பார்க்கப் பாதிரியார் வந்தார்.
போலீஸ் வந்தது.
என் அண்ணன் மாட்டுச் சங்கிலியோடு வந்தான்.
பெட்டியோடு யாரும் வரவில்லை.
ஐந்தில் மிச்சம் இரண்டு,
அதில் ஒருவன் துபாயில். பேசுவதில்லை.

வினீஷுக்கு வீடு கஞ்சிக்கோட்டில், வேலை இந்தப் பக்கம்.
நாக்கடியில் கரையும் மாத்திரையும் இந்தப் பக்கம்.
தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் வாளையாறு கடந்து வந்து
லிஸ்ஸம்மாவின் முன்னால் வாயைத் திறந்து உட்காருவான்.
கரையும்வரை பேசக்கூடாது.
அவன் வாழ்வில் வாய்மூடி இருந்த ஏழு நிமிடம் அதுதான்.

ஒரு வியாழக்கிழமை பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள்.
சட்டைப்பையில் பிரிக்காத ஊசி இரண்டு, ஒரு அட்டை,
அட்டையில் என் கையெழுத்து.
ஏட்டு என்னைக் கூப்பிட்டு மேசையில் பரப்பிவைத்தார்,
ஏதோ நகை மதிப்பிடுபவர்போல.
"சுத்தமான ஊசிங்க சார்" என்றேன்.
"அதுதாய்யா எனக்குப் புரியல" என்றார்.
பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

விட்டுவிட்டார்கள். ஆனால் வினீஷ் பிறகு பஸ் ஏறவில்லை.
பத்து நாள் மாத்திரையும் இல்லை, மற்றதும் இல்லை.
பதினோராம் நாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான்.
உடம்பு அந்த அளவை மறந்துவிட்டிருந்தது.
எடைமேடைக்குப் பின்னால்,
நாவற்பழம் தின்ற பையனைப்போல் உதடு.

லிஸ்ஸம்மா தொடையில் மருந்தைக் குத்தினாள்.
நான் தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சை ஊதினேன்.
இரண்டு நிமிடமா, இருபதா.
விழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை
தாயை இழுக்கும் கெட்ட வார்த்தை, சுத்த மலையாளத்தில்.
"ஆ, ஜீவனுண்டு" என்று
லிஸ்ஸம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மைதானத்துக்கு அப்பால் ரயில் பாதை.
அங்கே ஒரு மஞ்சள் பலகை:
யானை கடக்கும் இடம். வேகம் குறைக்கவும்.
முதலில் வெடி போட்டு விரட்டினார்கள்,
பிறகு அகழி வெட்டினார்கள்,
மின்வேலி போட்டார்கள்.
எத்தனை யானை விழுந்தபின் பலகை வந்ததோ தெரியாது.
இப்போது இந்த வளைவில் இரவு ரயில்
பெருமூச்சு விட்டு, தயங்கி, ஊர்ந்துதான் போகிறது.
எந்த டிரைவரும் இறங்கி வந்து
யானையிடம் திருந்து என்று சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

டார்ச் மங்குகிறது.
இன்னும் ஆறு குறைகிறது.
ஆறும் எந்தக் குழந்தையின் காலுக்கும் கிடைக்காமல் இருக்கவேண்டும்.
காலையில் வெளிச்சம் வந்ததும் மறுபடி பார்க்கவேண்டும்.

நாளைக்கு அறுபத்திரண்டு எடுத்து வைக்கிறேன்.
இல்லை, அறுபத்துமூன்று.
இன்று கடைசியாக ஒரு பையன் வந்தான், மீசை முளைக்காதவன்.
கேட்கவில்லை.
பெட்டியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.