கூப்பிட்ட குரலுக்கு

சமையலறைக் கதவுக்கு மேலே
கண்ணாடி போட்ட மரப்பெட்டி.
உள்ளே ஆறு கட்டம்,
கட்டத்துக்கொரு சிவப்புத் தகரக் கொடி.
கூடம், படுக்கையறை, குளியலறை,
நூலகம், சாப்பாட்டறை, தெருக்கதவு.
பொன்னெழுத்து உதிர்ந்து
நூலகம் பாதிதான் மிச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில்
இன்சௌரால்தே குடும்பம் மாட்டியது.
மொந்தேவீதியோவின் பழைய நகரில்
துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி
நாங்கள் வாங்கிய வீட்டில்
பத்திரத்தில் ஏறாத ஒரே பொருள்.

கழற்றி எறி என்றான் மில்ட்டன்.
நான் கப்பல்களில் வயரிங் பார்க்கிறவள்.
நூறு வருஷத்துச் செம்பைத் தூக்கிப்போட
எனக்குக் கை வராது.

ஜூலைக் குளிர்.
தெற்குக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்க
மூன்று ஞாயிறு ஏணியில் நின்றேன்.
பருத்தி சுற்றிய கம்பிகள்
தொட்டால் மாவாய் உதிர்ந்தன.
காந்தச் சுருள்களுக்கு மட்டும் உயிர் இருப்பதாக
மல்டிமீட்டர் சொன்னது.
தீப்பெட்டி அளவில் ஒரு சிப், ஆறு ரிலே, வைஃபை:
எல்லாம் பெட்டியின் முதுகுக்குப் பின்னால்.
இனி எந்தப் பொத்தானை அழுத்தினாலும்
கொடி விழும், மணி கிணுகிணுக்கும்,
எங்கள் இருவர் கைப்பேசியும் அதிரும்.

திங்கள் இரவு, சூப் ஆறுவதற்குள்:
"சாப்பாட்டறை அழைக்கிறது."
மில்ட்டன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.
இரண்டு பேரும் சாப்பாட்டறையில்தான் இருந்தோம்.

செவ்வாய், எட்டு ஐம்பது.
புதன், ஒன்பது நாலு.
ஈரம் என்றேன். எலி என்றான்.
ரிலேயை மாற்றினேன், நிரலைத் திருத்தினேன்.
வியாழனன்று பக்கத்து வீட்டுப் பூனைமேல்
பழி விழுந்தது.

வெள்ளி காலை கம்பளத்தைச் சுருட்டினேன்.
தரைப்பலகையில், மேசையின் தலைமாட்டில்,
மில்ட்டனின் குதிகால் படுகிற இடத்தில்
பத்துப் பெசோ நாணயம் பெரிசுக்கு
ஒரு பித்தளைப் பொத்தான்.

காலால் கூப்பிட.
பேச்சை நிறுத்த வேண்டாம்,
முகத்தைத் திருப்ப வேண்டாம்.
விருந்தாளிகளுக்கு
தட்டுகள் தாமாகவே மாறியதுபோல் இருக்கும்.

சுட்டுவிட்டதுபோல்
காலை இழுத்துக்கொண்டான் மில்ட்டன்.
சும்மாதானே வைத்தேன் என்றான்,
யாரும் கேட்காமலே.

அன்றிரவு கம்பிகளை
முதலிலிருந்து தாளில் வரைந்தேன்.
ஆறு கோடும் சமையலறைக்கு வந்து நின்றன.
அதையும் தாண்டி, துணி காயும் சந்தை ஒட்டி,
கட்டில் போட்டால் கதவு முழுதாய்த் திறக்காத
ஓர் அறை இருக்கிறது.
எங்கள் ரூட்டரை அங்கேதான் வைத்திருக்கிறோம்.
அந்த அறையிலிருந்து
ஒரு கம்பிகூடப் புறப்படவில்லை.
நடுராத்திரியில் காய்ச்சல் கண்டால்
அவள் எதை அழுத்தியிருப்பாள்?

பெட்டிக்கதவின் உள்பக்கம்
பென்சில் கோடுகள், ஐந்தைந்தாய்.
சலவைக் கணக்கோ, சம்பளக் கணக்கோ,
அடித்த மணியின் கணக்கோ.
பேர் எழுதவில்லை.

சனிக்கிழமை ஏழாவது கம்பியை இழுத்தேன்.
ரூட்டருக்குக் கீழே,
படுத்தபடி கை எட்டும் உயரத்தில்
கடையில் வாங்கிய வெள்ளைப் பொத்தான். பிளாஸ்டிக்தான்.
பெட்டியில் ஏழாவது கட்டம் கிடையாது,
அதனால் கொடியும் இல்லை.
இந்தக் கருவிக்கு என்ன பெயர் என்று
செயலி கேட்டது.
காலியாக விட்டால் ஏற்க மறுத்தது.
ஒரு புள்ளி வைத்தேன்.
வாங்கிக்கொண்டது.

வெறுந்தரையில் படுத்து
அழுத்தினேன்.
முன்கூடத்தில் எங்கோ கைப்பேசி அதிர்ந்தது.
கால்பந்து வர்ணனை சட்டென்று நின்றது.
பிறகு நீளநடையில் செருப்புச் சத்தம்,
கூடத்தைக் கடந்து, சாப்பாட்டறையைக் கடந்து,
இந்தப் பக்கமாக.

என்ன ஸுல்மா என்று
பாதி திறந்த கதவில் தலையை நீட்டினான்.
என்ன கேட்பதென்று
யோசித்து வைத்திருக்கவில்லை.
தண்ணீர் என்றேன்.

கொண்டுவந்தான்,
தளும்பத் தளும்ப ஊற்றி
வழியெல்லாம் சிந்திக்கொண்டு.