யாருக்கு?

மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பருவம்.
நான்கு நிமிடப் படம், பன்னிரண்டுக்கு மதிப்பெண்.
கையெழுத்துப் போட்டு வாங்கிய மைக்கைத்
திங்கள் காலை ஒன்பதுக்குள் கொடுக்காவிட்டால்
மாதம் முழுக்க நமக்குத் துடைப்பக்கட்டைதான்
என்றான் யமாண்டு.
ஏற்கெனவே துடைப்பக்கட்டையில்தான்
மைக்கைக் கட்டியிருந்தேன்.

மாண்டெவிடியோவில் ஆகஸ்டு.
ஆறா கடலா என்று ஊரே இன்னும் முடிவு செய்யாத தண்ணீரிலிருந்து
காற்று தெருத்தெருவாக ஏறி வந்து
ரொசினாவின் அத்தை வீட்டு ஜன்னலை உலுக்கியது.
நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.
காட்சி இதுதான்:
ஒருத்தி பெட்டி கட்டுகிறாள்,
ஒருவன் மாத்தே உறிஞ்சுகிறான்,
இரண்டு பேரும் வெங்காய விலையைப் பேசுகிறார்கள்.
பதினாறு டேக்.
பதினேழாவதில் பெட்டியின் ஜிப் அறுந்தது,
அதுதான் நன்றாக வந்தது.

விளக்கை அணைக்கப் போனவர்களை
நில்லுங்கள் என்றேன்.
ஒவ்வோர் அறைக்கும்
சும்மா இருக்கும்போது ஒரு சத்தம் உண்டு.
அதை ஒரு நிமிடமாவது பிடித்து வராதவன்
எடிட்டிங் மேசையில் அழுவான்.
பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே குழி விழும்,
பார்க்கிறவன் தன் காதைத் தட்டிப் பார்ப்பான்.
ஆகவே அசையாதீர்கள், இருமாதீர்கள்.
ஃபிரிஜ்ஜை நிறுத்தியாயிற்றா?
ஆயிற்று.

அசையாதே என்றால்
மனிதர்கள் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்,
தெரியவில்லை.
ஐந்து பேர், ஐந்து குனிந்த தலை,
நடுவில் கட்டி முடியாத பெட்டி.

ஒயருக்காகத் திறந்து வைத்திருந்த கதவில்
கேஸ்காரர் வந்து நின்றார்,
தோளில் சிலிண்டரோடு.
எங்களைப் பார்த்தார்.
சிலிண்டரை இறக்கினார்.
டங்.
முதல் நிமிடம் அதோடு போயிற்று.
தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு
மெல்லிய குரலில் கேட்டார்:
யாருக்கு?

நான் விரலை உதட்டில் வைத்தேன்.
அவருக்கு அது எப்படிப் புரிந்ததோ
அப்படியே நின்றுவிட்டார்.
மறுபடி பட்டனை அழுத்தினேன்.

ஹெட்போனுக்குள்
நான்கு மாடிப் படிக்கட்டு மூச்சாக இருந்தது.
மூன்றாம் மாடி இறங்கியது, இரண்டாம் மாடி இறங்கியது.
ஃபப்ரீசியோவின் வயிறு ஒருமுறை பேசியது.
வெகுதூரத்தில்
ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு
மத்தளத் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுகிற யாரோ
சரியாகிவிட்டதா என்று
ஒரே ஓர் அடி அடித்துப் பார்த்தார்கள்.
பிறகு மூச்சு மட்டும்,
தரைக்கு வந்துவிட்ட மூச்சு.

போதும் என்றதும் எல்லோரும் இருமினார்கள்.
நெருங்கிய சொந்தமா என்று கேட்டார் அவர்.
இல்லை ஐயா, அறையின் சத்தம் என்று சொல்ல
எனக்கு வாய் வந்தது.
ரொசினா முந்திக்கொண்டாள்: ஆமாம்.
சுமைக்கூலி வாங்காமல்
அடுப்போடு சிலிண்டரைப் பூட்டித் தந்துவிட்டு
படியிறங்கிப் போனார்.
எட்டிப் பார்த்தேன்.
தெருவுக்குப் போன பிறகுதான்
தொப்பியைத் தலையில் வைத்தார்.

இசைத் துறையிலிருந்து அனாயி
மூன்று வாரம் உட்கார்ந்து
செல்லோவில் ஒன்று செய்து தந்தாள்.
கடைசிக் காட்சியில் காலியான அறைமேல் அதை வைத்தோம்,
எடுத்தோம், வைத்தோம்.
கடைசியில் வெறும் அந்த நிமிடமே இருக்கட்டும்
என்றது நான்தான்.
அக்டோபர் வரை அனாயி
சிற்றுண்டிச்சாலையில் வேறு மேசையில் உட்கார்ந்தாள்.
அவள் பக்கம்தான் நியாயம்,
அது நல்ல இசை.

திரையிட்ட அன்று ஆசிரியை கேட்டார்:
எல்லோரும் போன பிறகு
அறையில் மூச்சு விடுவது யார்?
வீடு, என்றாள் ரொசினா.
அவர் அதைக் குறித்துக்கொண்டார்.
ஏழு போட்டார்.

ஃபிரிஜ்ஜைத் திரும்பப் போட
எல்லோருமே மறந்திருந்தோம்.
செவ்வாய்க்கிழமை அத்தை போனில் கத்தினாள்:
ஒரு லிட்டர் பால், ஒரு கிலோ இறைச்சி.
கேஸ்காரர் வாங்காமல் போன காசை
அதற்குக் கொடுத்தோம்.
கொஞ்சம் குறைந்தது.