பொருந்தா மரை

முக்காலியின் தலையில்
கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு போல்ட்.
தொலைநோக்கியின் வயிற்றில்
சுண்டுவிரல்கூட நுழையாத துளை.
இரண்டுக்கும் நடுவே என் சமையல் மேசை,
ஒரு குறடு, ஆறிப்போன காப்பி.

முக்காலி நில அளவைக்காரர்களுடையது.
கூட்டுப்பண்ணையைக் கலைத்த வருடம்
எந்த வேலி யாருடையது என்று
ஹீயுமா தீவு முழுக்க நின்று பார்த்த கால்கள்.
மஞ்சள் வண்ணம் உரிந்து,
நுனிக்கு நுனி இரும்பு நகம்.
ஏலத்தில் நான்கு யூரோ.

தொலைநோக்கி மீன்துறை விழாக் குலுக்கலில் வந்தது.
முதல் பரிசு ஒரு கூடை புகையிட்ட விலாங்கு.
எனக்கு இரண்டாவதுதான் விழுந்தது.

"ஒன்று அங்குல மரை, ஒன்று மில்லிமீட்டர்.
நீ தலைகீழாய் நின்றாலும் ஏறாது, ஹெல்வே."
கவுப்போ சொன்னான்.
கப்பலின் இயந்திர அறையில்
பதினோரு வருடம் என்னோடு டீசல் முகர்ந்தவன்.
எந்த நட்டு எதில் ஏறும் என்பதில்
இதுவரை அவன் தோற்றதில்லை.
மரை கழன்றது கருவிக்கா எனக்கா என்று
கேட்காமல் கேட்டது அவன் புருவம்.

முதல் நாள் ஒட்டுநாடா.
குழாய் வழுக்கி நாயின் தட்டில் விழுந்தது.
நாய் முகர்ந்துவிட்டு
எனக்கே விட்டுக்கொடுத்தது.

இரண்டாம் நாள் கார்ட்லா கடை.
பதினாறு இழுப்பறைகளைத் திறந்து மூடிய பெண்
கடைசியில் ஒரு குழாய்த் திருகை நீட்டினாள்,
பொருந்தாது என்று அவளுக்கும் தெரியும்,
வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை.
வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் ரொட்டி வெட்டும் பலகை கண்ணில் பட்டது.
ஜூனிபர் மரம். இரண்டாய் அறுத்து
வாயிற்கதவின் பழைய கீலால் சேர்த்தேன்.
கீழே பெரிய துளை, மேலே சிறிய துளை.
துரப்பணம் இறங்க இறங்க
அடுக்களை முழுக்க மிளகும் பிசினுமாய் ஒரு நெடி.
குழாயைச் சுற்றிச் சைக்கிள் டியூப்,
அதன்மேல் கடல்நீர்க் குழாய்க்குப் போடும்
எஃகு வளையங்கள் இரண்டு.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சு விழுந்தேவிட்டது.

ஆனால் மூக்கு கனம்.
பின்பக்கம் தக்காளிச் சாற்றில் ஊறிய மீன் டின்களைத்
துணிப்பையில் தொங்கவிட்டேன்.
ஒன்று போதவில்லை. இரண்டு அதிகம்.
ஒன்றைத் திறந்து பாதியைத் தின்றேன்.
நின்றது.

பிப்ரவரி. பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினான்கு.
ஹெல்டெர்மா துறையின் பனிக்கட்டியில்
இரும்பு நகங்களை ஊன்றினேன்.
நிலவு நீரிணையின் விளிம்பில் எழுந்தது.
தொட்டால் நடுங்கியது.
கையை எடுத்து ஏழு எண்ணினால்
பள்ளங்கள் ஒவ்வொன்றாய் வந்து உட்கார்ந்தன.
எட்டாவதற்குள் ஒரு காற்று.

ஒரு மணி நேரத்தில் நிலவு மேலே போய்விட்டது.
நான் அண்ணாந்தேன், குழாய் அண்ணாக்கவில்லை.
இருபது பாகைக்கு மேல்
கீல் பலகையில் இடித்து நின்றுவிட்டது.
வியாழன் தலைக்கு நேர் மேலே,
நான்கு துணைக்கோள்களோடு,
எனக்கில்லாமல்.
எத்தனை டின் தொங்கவிட்டாலும்
மண்ணைப் பார்த்துப் பழகிய கால்கள்
மண்ணையே பார்த்தன.

ஒன்பதரைக் கப்பல் வந்தது.
வேறு வழியின்றி அதைப் பார்த்தேன்.
கடல் மேலே இருந்தது, வானம் கீழே.
விளக்குகள் எரிய
பனிக்கட்டியிலிருந்து தொங்கிக்கொண்டு
மெல்ல நகர்ந்தது அவ்வளவு பெரிய இரும்பு.
ஏழு எண்ணினேன்.
ஊழியர் அறையின் சன்னல் தெளிந்தது.

கவுப்போ
தலைகீழாய் நின்று
ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
தொப்பி விழவில்லை.
ஒரு துண்டு உதிர்ந்து மேல்நோக்கிப் போனது,
அதைத் தேடி அவனும் மேல்நோக்கிக் குனிந்தான்.

எனக்கும் பசித்தது.
பையில் பாதி டின் மீன் உறைந்து கிடந்தது.
தொடவில்லை.
அதைத் தின்றால்
கப்பல் சாய்ந்துவிடும்.