கல்லைத் திரும்ப வைத்தல்

அழகர்மலையில் ஐப்பசி இரவு.
ஓடையோரக் கல்லைப் புரட்டினோம்:
அடியில் நகத்தளவு தவளை,
தொண்டை மட்டும் துடித்தபடி.

“கையை நனை முதல்ல” என்றாள் ஜெசிந்தா.
பஸ் கம்பி பிடித்த கை,
முறுக்கு தின்ற உப்புக் கை.

இது வாயால் தண்ணீர் குடிக்காது.
ஈரச் சருகில் வயிறு பதித்து உட்காரும்;
தோல் குடிக்கும்.
மூச்சிலும் ஒரு பங்கு தோலுக்கு.
முட்டையிடக் குளமும் வேண்டாம்.
வால் முளைப்பதும் கரைவதும்
முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும்;
வெளியே வரும்போது நாலு கால்,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு.

அளவுகோலை விரித்தேன்.
காணோம்.
நோட்டில் ‘நீளம்’ என்ற கட்டம் காலி.

ஜெசிந்தா கல்லைத் தூக்கி
மண்ணில் அதன் பழைய பள்ளத்தைத் தேடினாள்.
ஒருமுறை பிசகியது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
திருப்பி,
இன்னும் கொஞ்சம் திருப்பி,
ஈரம் மூடும்வரை.