பிழைதிருத்தம்

எங்கள் அலுவலகத்துக்கு அப்போது
இரண்டு அறை, மூன்று நாற்காலி, ஒரு முத்திரை.
கீழே தொப்பிக் கடை.
'தொழிலாளர் அலுவலகம்' என்ற பலகையைப் பார்த்து
வேலை கேட்டு ஏறி வந்தவர்கள்தான் அதிகம்.
சாந்தியாகோவின் அந்தக் குளிர்காலத்தில்
அரசாங்கம் எங்களுக்குத் தந்திருந்த அதிகாரம்
எண்ணலாம் என்பது மட்டும்.
கூலியை எண்ணலாம். விபத்தை எண்ணலாம்.
ஒருவரையும் தண்டிக்க முடியாது.
எந்தக் கதவையும் தள்ளித் திறக்க முடியாது,
தட்டலாம்.

ஆய்வாளர் எலெயுதேரியோ மத்துரானா
வடக்கே, வெடியுப்புப் பாலைக்குப் போனார்.
திரும்பி வந்தபோது சப்பாத்தின் தையலெல்லாம் உப்பு.
பையை மேசைமேல் கவிழ்த்தார்:
கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் டோக்கன் ஏழு,
ஒரு கிலோ என்று பொறித்த
எண்ணூறு கிராம் எடைக்கல்,
பிறகு,
இரண்டு முடிச்சுப் போட்ட ஒரு சணல் கயிறு.

"கொப்பரையின் வாய்" என்றார்.

அளவு நாடா தர மாட்டேன் என்றாராம் மேலாளர்.
சாப்பாட்டுக் கொட்டகை நடத்தும் தோமித்திலா ஒசாந்தோன்
மாவுச் சாக்கின் கயிற்றைப் பிரித்துத் தந்தாளாம்.
மறுமுனையைப் பிடித்ததும் அவள்தான்.
விளிம்பில் நிற்க வேறு யாரும் வரவில்லை.
அவளிடம் கடன் வைத்துச் சாப்பிட்ட செனோன் உவான்கா
மே மாதம் அங்கேதான் விழுந்தான்,
உப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது.

இரும்புக் கிராதி ஒன்று போட்டால் போதும்
என்று அறிக்கை முடிந்தது.
மூன்று நகல் எடுத்தேன்.
என் எழுத்து முத்து முத்தாக இருக்கும்,
அதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

கோப்பு மேலே போயிற்று.
அமைச்சகம் விளக்கம் கேட்டது,
கம்பெனி வருத்தம் தெரிவித்தது,
அமைச்சர் மாறினார், புதியவர்
முதலிலிருந்து விளக்கம் கேட்டார்.
நாலு வருஷம்.
இடையில் அதே கொப்பரையிலிருந்து மூன்று பெயர்கள் வந்தன.
அட்டவணையில் கட்டம் போதாமல்
துண்டுத்தாள் ஒட்டினேன்.

பிறகு ஒருநாள் தந்தி: கிராதி பொருத்தியாயிற்று.
மத்துரானா கழுத்துப்பட்டையைத் தளர்த்தி
சுருட்டுப் பற்றவைத்தார்.
ஏட்டுச் சுரைக்காய் ஒருமுறை
கறிக்கு உதவிவிட்டது.

மூன்றாம் வாரம், பென்சிலில், தோமித்திலாவின் கடிதம்:
கிராதி வந்தது. நன்றி.
கொஞ்சம் சின்னது.
ஒரு ஆள் போக அந்தச் சந்து போதும்.
ரயில் கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டிருக்கிறோம்.

எல்லோரும் போனபின்
உறையைப் பிரித்துக் கயிற்றை மேசைமேல் நீட்டினேன்.
முடிச்சுக்கு முடிச்சு
இரண்டு மீட்டர் நாற்பத்தொன்று.
என் நகலில் இரண்டு மீட்டர் பதினான்கு.
மூன்று நகலிலும். முத்து முத்தாக.

இரண்டு இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்ததில்
இருபத்தேழு சென்டிமீட்டர்.
சுவரோரம் நின்று என் உடம்பை அளந்தேன்.
பக்கவாட்டில் நுழையும்.

காலையில் மத்துரானாவிடம் சொன்னேன்.
அவர் திட்டியிருக்கலாம்.
"எழுது" என்றார்.
அவ்வருஷத்து அறிக்கையின் கடைசியில்
விரலகலத் தாள் ஒன்று சேர்ந்தது:
பக்கம் 88, வரி 6.
2.14 என்பதை 2.41 எனத் திருத்தி வாசிக்கவும்.

இன்று எங்களுக்கு மூன்று மாடி.
சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது,
தட்டாமலும் உள்ளே போகலாம்.
ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி
எழுதும் என்னைப் பார்த்துப் புதுப் பையன்கள்
தோளில் இடித்துக்கொள்கிறார்கள்.
இடித்துக்கொள்ளட்டும்.

கிராதியை மாற்றினீர்களா என்று
அப்போதே கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை.
தோமித்திலாவுக்கும் எழுதினேன்.
அவள் போட்டாள்:
கட்டை ஆவியில் கறுத்து உளுத்துப்போகிறது.
மாதம் ஒன்று மாற்றுகிறோம்.
விலை இரண்டு டோக்கன்.
இதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கொண்டேன்.