வறுவலுக்கா, நோவுக்கா

பாலக்கோட்டுச் சந்தையில்
தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால்
மண் அப்பிய ஒரு குவியல்.
பூமிக்குள்ளிருந்து யாரோ கைமடக்கிக் காட்டுவது போல்
கணுக்கணுவாய்ப் பிடிகருணை.

"வறுவலுக்கா, நோவுக்கா?"
சந்தைக்கே கேட்கும்படி கேட்டாள் பச்சியம்மா.
காக்கிச் சட்டையை மறைக்க
என்னிடம் வேறு சட்டையில்லை.
"வறுவலுக்குத்தான்."
"வறுவலுக்குன்னா சேனை வாங்கு.
யானைக்காலாட்டம் கெடக்குது பாரு,
பத்தை போட்டுத் தர்றேன்.
இதை வாங்குறவன் வேற ஆளு."

பதினெட்டு வருஷம்.
தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, ஓசூர்.
ஓசூர், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு, தருமபுரி.
இடப்பக்கம் இஞ்சின் கொதிக்கும்,
அடியில் சீட்டு கொதிக்கும்.
ஒவ்வொரு வேகத்தடையும்
என் உடம்பில் எங்கே ஏறி எங்கே இறங்குகிறதென்று
கண்டக்டர் திம்மராயனுக்குத் தெரியாது.
"என்னண்ணா, பள்ளத்துல இவ்ளோ பதமா எறக்குற,
புள்ளத்தாச்சி யாராவது ஏறியிருக்காங்களா?"
ஆமாம் என்று தலையாட்டி வைப்பேன்.

பெரியாஸ்பத்திரி சித்தா பிரிவில்
டாக்டரம்மா தலை நிமிராமல் எழுதினார்:
தண்ணீர். கீரை. நடை.
"நார்ச்சத்து வேணும் உங்களுக்கு.
கருணைக்கிழங்கு சாப்பிடுங்க, கொழுப்பு கிடையாது,
பொட்டாசியம் உண்டு, வயித்தை இளக்கும்.
லேகியமும் எழுதியிருக்கேன்.
ரத்தம் வந்தா மட்டும் கிழங்கை நம்பி உக்காந்திராதீங்க."
உக்காந்திராதீங்க என்றதும்
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கொஞ்சம் தாமதமாக அவருக்கும்.

முதல் தடவை நானே அவித்தேன்,
ஓசூர் டிப்போ ஓய்வறையில், வெறும் தண்ணீரில்.
களிக்குத் தொட்டுக்கொண்டு மூன்று வாய்.
நாக்கெல்லாம் ஊசி.
தொண்டைக்குள் யாரோ சணல் திரித்தார்கள்.
அன்று ராயக்கோட்டை தாண்டும்வரை
எனக்குப் பதிலாக ஹாரன்தான் பேசியது.

அடுத்த வாரம் சண்டை போடப் போனேன்.
"நேத்துத் தோண்டினதை இன்னிக்கே அவிச்சியா?
தோண்டின கோவம் அதுக்குள்ளயே இருக்கும்.
மூணு மாசம் மண்ணுல மூடி வையி, வடியும்.
அப்பறம் அரிசி கழுவுன தண்ணி,
ரெண்டு கொத்துப் புளியந்தழை.
வெந்ததும் தோலை உரிச்சிப்
புளியக் கரைச்சி ஊத்து.
கருணைன்னு பேரு வச்சவன்
இத்தனையும் செஞ்சி பாத்துட்டுத்தான் வச்சிருப்பான்."

சொல்லிக்கொண்டே
சில்லறைக்காக எழுந்தாள்.
ஒரு கையை முட்டியில் ஊன்றி,
பல்லைக் கடித்து, மெதுவாக.
அவள் உட்கார்ந்திருந்த சாக்கின்மேல்
காற்றடைத்த பழைய ஸ்கூட்டர் டியூப்.

என் சீட்டின்மேல் இருப்பதும் அதுதான்.
பச்சை வால்வு மூடிகூட.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
"காலைல நாலு மணிக்கு உக்காருறேன் டிரைவரே.
நின்னுக்கிட்டா விக்க முடியும்?"
ஒரு கை கிழங்கை அள்ளி
எடை பார்க்காமல் பையில் போட்டாள்.

அதற்குப் பிறகு
கண்ணாடியில் எனக்குத் தெரிபவர்கள் மாறிவிட்டார்கள்.
தையல் கம்பெனி வாசலில் இறங்கும் பெண்கள்,
படியில் ஒரு கணம் இடுப்பைப் பிடித்து நிற்கிறார்கள்.
பத்திர ஆபீஸ் டைப்பிஸ்ட்,
காலி சீட்டிருந்தும் கம்பியைப் பிடித்தே வருகிறார்.
யாரும் யாரிடமும் சொல்வதில்லை.
நான் பள்ளத்தில் பதமாக இறக்குகிறேன்.
அவர்கள் என் பின்தலையைப் பார்க்கிறார்கள்.

கட்டிலுக்கடியில்
சிமெண்ட் சாக்கில் பாதி மண்,
அதற்குள் ஒன்றரைக் கிலோ கோபம்.
தேதி குறித்து வைத்தேன், மறந்தும் போனேன்.
நைட் டூட்டி முடிந்து வந்த ஒரு விடியலில்
செருப்பைத் தேடிக் குனிந்தால்
சாக்கின் வாயில் ஒரு முளை,
இளஞ்சிவப்பாக, விரல் உயரம்.

இருட்டில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தது
எழுந்து நிற்கிறது.

குழம்புக்குப் புளி ஊறப் போட்டிருந்தாள் என் மனைவி.
"இதை நட்டுடலாமா?" என்றேன்.
"சீட்டுல உக்கார்றது நீதானே,
நீயே சொல்லு" என்றாள்.